காணாததற்கு உறுதி கூறுதல்

ஒருவர் தம் கண்ணால் காணாத ஒன்று பிழையற்றது என்று பிறருக்கு உறுதி கூறும் உரிமையை எப்போது பெறுகிறார் என்னும் வினா, அறிவின் இயல்பை ஆராயும் அளவை இயலுக்கும், மனிதர் ஒருவருக்கொருவர் செய்ய வேண்டியதை ஆராயும் அறவியலுக்கும் ஒருங்கே உரியது. வினா பழமையானது, ஆனால் நீர்மூழ்கிக் கப்பல், விண்ணோடம், அணுமின் நிலையம் ஆகியவற்றைக் கட்டும் பெரும் பொறியியல் பணிகள் தோன்றிய பிறகு, அதன் விடையைப் பொறுத்தே பல உயிர்கள் பிழைக்கவோ மாளவோ நேர்கிறது. இத்தகைய பணியை முழுமையாகக் கண்டவர் என்று எவரும் இருப்பதில்லை. வரைபடம் வகுத்தவர் எஃகை உருக்கியவரைச் சந்திப்பதில்லை. குழாயைப் பொருத்தியவர் அது தாங்க வேண்டிய அழுத்தத்தைக் கணக்கிடுவதில்லை. கலத்தில் ஏறிச் செல்பவரோ இவற்றுள் எதையும் சோதித்துப் பார்க்க இயலாதவர். இவ்வாறு பலரிடம் சிதறிக் கிடக்கும் அறிவை ஓர் ஒழுங்கில் கோத்து, எந்த உறுப்பு எந்த அளவுகோலை நிறைவு செய்ய வேண்டும், அதை யார் எந்தக் கட்டத்தில் எம்முறையால் சோதிக்க வேண்டும், முடிவு எங்கே பதிவாக வேண்டும், அளவுகோலுக்கு ஒவ்வாதது கண்டறியப்பட்டால் அதை என்ன செய்வது, பணியை நிறுத்தும் அதிகாரம் எவர் கையில் என்பவற்றைப் பணி தொடங்குமுன்னரே எழுதி வைக்கும் ஆவணம் தர உறுதித் திட்டம் எனப்படுகிறது. அலுவலகக் கோப்புகளில் ஒன்றாகவே பலரும் அதைக் கருதுகின்றனர். உண்மையில் அதன் ஒவ்வொரு விதியும், எது அறிவு, எது வெறும் எண்ணம் என்னும் நெடுங்கால வழக்கில் வழங்கப்பட்ட தீர்ப்பாகும்.

அவ்வழக்கைத் தமிழ் நூல்கள் நன்கு அறிந்திருந்தன. மணிமேகலை, பல சமயவாதிகளின் அளவைகளை நிரல்படச் சொல்லி, பௌத்த தருக்கத்தின் உறுப்புகளையும் போலி ஏதுக்களையும் விளக்குகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டினரான அருணந்தி சிவாசாரியார் தம் சிவஞான சித்தியாரை, இறைவனைப் பற்றிப் பேசுமுன் அளவையைப் பற்றிப் பேசியே தொடங்குகிறார். ஒன்றை உள்ளவாறு அறிய உதவும் கருவி அளவை எனப்படும். அதைச் சிலர் ஆறு என்றும் சிலர் அதற்கு மேலும் விரித்தாலும், யாவும் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றில் அடங்கும் என்பது அவர் முடிபு. ஐயமும் திரிபும் நீங்கிய நேரடி அறிவு காட்சி. கண்டதைக் கொண்டு காணாததை உய்த்துணர்தல் கருதல். நம்பத்தக்கவர் சொல்லால் அறிதல் உரை. குழாய் இணைப்பு ஒன்றைக் கருவி கொண்டு அளந்து பார்ப்பது காட்சியின் பாற்படும். சில இணைப்புகளைச் சோதித்து ஏனையவற்றின் நிலையை மதிப்பிடுவது கருதல். ஆய்வாளர் கையொப்பமிட்ட சான்றிதழ் உரை. பெரும் பணிகளில் முதல் இரண்டும் ஒருவரிடம் ஒரு கணம் நிகழ்ந்து முடிந்துவிடுகின்றன. அதன்பின் எஞ்சுவதும், கைமாறிச் செல்வதும், இறுதியில் கலத்தைச் செலுத்துபவரை வந்தடைவதும் உரை மட்டுமே. தம் கலத்தின் உடல் உறுதியானது என்பதைத் தலைவர் அறிவது பிறர் சொல்லால்தான்.

ஆகவே யார் சொல் அளவையாகும் என்பதே இங்கு முதன்மையான கேள்வி. இந்திய மெய்யியல் மரபுகளுள் ஒன்றான நியாய நெறியினர் நம்பத்தக்கவரை ஆப்தர் என்று அழைத்தனர். நியாய சூத்திரத்துக்கு உரை வகுத்த வாத்ஸ்யாயனர் ஆப்தரிடம் எதிர்பார்ப்பவற்றுள் இரண்டு இங்கு இன்றியமையாதவை: கூறும் பொருளை அவர் உள்ளவாறு அறிந்திருக்க வேண்டும், அறிந்ததை அறிந்தவாறே சொல்லும் விருப்பமும் அவருக்கு இருக்க வேண்டும். சாதி, குலம், பதவி ஆகியவற்றை அவர் இதற்குத் தகுதியாகக் கொள்ளவில்லை என்பது கவனத்துக்கு உரியது. இவ்விரண்டில் ஒன்று குறைந்தாலும் சொல் அளவை ஆகாது. நல்லெண்ணம் நிறைந்தவர் அறியாமல் கூறும் உறுதியும், நன்கறிந்தவர் மறைத்துக் கூறும் உறுதியும் கேட்பவரை ஒரே இடத்தில்தான் கொண்டு நிறுத்துகின்றன. தர உறுதி வரலாற்றில் இவ்விரு குறைகளும் தனித்தனியே வெளிப்பட்ட நிகழ்வுகள் உள்ளன.

அமெரிக்கக் கடற்படையின் திரெஷர் என்னும் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல், பழுதுபார்ப்புக்குப் பின் ஆழ்மூழ்கு சோதனை நடத்தியபோது, 1963 ஏப்ரல் 10 அன்று கேப் காட் முனைக்குக் கிழக்கே அட்லாண்டிக் பெருங்கடலில் மூழ்கியது. அதில் இருந்த 129 பேரும் இறந்தனர். அவர்களுள் 17 பேர் படையினர் அல்லாதவர்கள், கப்பல் கட்டும் தளத்தைச் சேர்ந்தவர்களும் அவர்களுள் அடங்குவர். கடலின் முழு அழுத்தத்தையும் தாங்கும் குழாய்களில் ஏறத்தாழ 3,000 இணைப்புகள் வெள்ளிப் பற்றாசு வைத்துப் பிணைக்கப்பட்டிருந்தன. கடைசிப் பழுதுபார்ப்பின்போது, அக்காலத்தில் புதிதாக வந்திருந்த மீயொலிச் சோதனையால், அதாவது செவிக்கு எட்டாத ஒலியலைகளை உலோகத்தினுள் செலுத்தி உட்குறையைக் கண்டறியும் முறையால், 145 இணைப்புகள் பார்க்கப்பட்டன. அவற்றுள் 14 விழுக்காடு தரக்குறைவானவை என்று தெரிந்தது. அந்த விகிதத்தை 3,000க்கும் நீட்டினால் 400க்கு மேற்பட்ட இணைப்புகள் குறையுடையனவாக இருந்திருக்கலாம் என்று பின்னர் கணக்கிடப்பட்டது. ஓர் இணைப்பு உடைந்து இயந்திர அறைக்குள் நீர் புகுந்தது, மின்கருவிகள் பழுதாகி அணு உலை நின்றது, மிதவைத் தொட்டிகளிலிருந்து நீரை வெளியேற்ற வேண்டிய அழுத்தக் காற்றின் குழாய்களில் ஈரம் உறைந்து பனிக்கட்டியாகி அடைத்துக்கொண்டது என்பதே கடற்படை வந்தடைந்த முடிவு.

இந்த வரலாற்றில் நெஞ்சை உறுத்துவது சோதனையின் முடிவைக் காட்டிலும் சோதனைக்கு விதிக்கப்பட்ட நிபந்தனை. கப்பல் புறப்படுவதைத் தாமதப்படுத்தாத அளவுக்கு மட்டுமே இணைப்புகளைச் சோதிக்க வேண்டும் என்பது அந்நிபந்தனை. எவரும் பொய் சொல்லவில்லை. எவரும் தீங்கு எண்ணவில்லை. ஆனால் எவ்வளவு அறிய வேண்டும் என்பதை அறியப்பட வேண்டிய பொருள் தீர்மானிக்கவில்லை, நாட்காட்டி தீர்மானித்தது. ஏறத்தாழ ஏழு இணைப்புகளுக்கு ஒன்று என்ற வீதத்தில் குறை வெளிப்பட்ட பின்னும், எஞ்சியவை பார்க்கப்படாமலே கப்பல் கடலுக்குச் சென்றது. கருதல் அளவை தன் கடமையைச் சரியாகச் செய்திருந்தது. கண்டதைக் கொண்டு காணாததை உணர்வதற்குப் போதிய ஏது கையில் இருந்தது. உணர்ந்ததை ஏற்றுக்கொண்டு கப்பலை நிறுத்தி வைக்க வேண்டிய கட்டாயத்தை எந்த விதியும் எவர் மீதும் சுமத்தியிருக்கவில்லை.

பார்க்கப்படாத இணைப்புகளைப் பற்றிக் குறை எதுவும் பதிவாகவில்லை என்று கூறினால் அது சொல்லளவில் உண்மையே. அந்த உண்மை ஏன் பயனற்றது என்பதை மீமாஞ்சை என்னும் மற்றோர் இந்திய மெய்யியல் மரபின் பாட்ட நெறி கூர்மையாக விளக்கியுள்ளது. குமாரில பட்டரைப் பின்பற்றுவோர் இன்மையை அறிவதற்கு அனுபலப்தி என்னும் தனி அளவையை ஏற்றனர். ஒன்று புலப்படாமையால் அது இல்லை என்று அறிவது அதன் பொருள். நிலத்தில் குடம் காணப்படாமையால் அங்கே குடம் இல்லை என்று அறிவது அவர்கள் காட்டும் எடுத்துக்காட்டு. ஆனால் அதற்குக் கடுமையான ஒரு வரம்பு உண்டு: குடம் இருந்திருந்தால் கட்டாயம் தென்பட்டிருக்கும் என்னும் நிலைமை அமைந்திருக்க வேண்டும், போதிய ஒளி வேண்டும், கண் அந்தத் திசையில் திரும்பியிருக்க வேண்டும். இருட்டறையில் குடம் தெரியவில்லை என்பது குடத்தின் இன்மைக்குச் சான்றாகாது. குறை காணப்படவில்லை என்னும் பதிவு குறை இல்லை என்பதற்குச் சான்றாக வேண்டுமானால், குறை இருந்தால் தப்பாமல் காட்டிக் கொடுக்கும் சோதனை அவ்விடத்தில் நடந்திருக்க வேண்டும். நல்ல தர உறுதித் திட்டம் ஒவ்வோர் உறுப்புக்கும் ஏற்ற சோதனை முறை எது, அம்முறை எவ்வளவு சிறிய குறை வரை கண்டறியும், சோதிக்கும் கருவி கடைசியாக எப்போது சரிபார்க்கப்பட்டது என்று சலிப்பூட்டும் அளவுக்கு விரித்து எழுதுவதன் காரணம் இதுவே. அந்தப் பக்கங்கள் யாவும் அறைக்குள் ஒளி இருந்ததா என்னும் கேள்விக்கு விடை சொல்கின்றன.

இங்கிலாந்தின் கணிதவியலாளர் வில்லியம் கிங்டன் கிளிஃபர்டு 1877இல் வெளியிட்ட நம்பிக்கையின் அறவியல் என்னும் கட்டுரை, திரெஷருக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முன்பே இதன் அறப் பகுதியை எடுத்துரைத்தது. பழைய கப்பல் ஒன்றின் உடைமையாளர், அதன் உறுதி குறித்துத் தம்முள் எழும் ஐயங்களை இதமான எண்ணங்களால் அடக்கிவிட்டு, குடிபெயர்வோரை ஏற்றி அனுப்புகிறார். கப்பல் நடுக்கடலில் மூழ்குகிறது. அவர் உளமார நம்பினார் என்பது அவரைக் காப்பாற்றாது என்கிறார் கிளிஃபர்டு. கையிலிருந்த சான்றின் மீது அவ்வாறு நம்ப அவருக்கு உரிமை இல்லை. கப்பல் மூழ்காமல் கரை சேர்ந்திருந்தாலும் அவர் குற்றம் இம்மியும் குறையாது, வெளிப்படாமல் போயிருக்கும், அவ்வளவே என்றும் அவர் சேர்த்துக் கொள்கிறார். இதை மறுத்து அமெரிக்க மெய்யியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1896இல் எழுதியபோது, சான்றால் தீர்க்க முடியாததும் தள்ளிப்போட முடியாததுமான வினாக்களில், சமய நம்பிக்கையைப் போன்றவற்றில், சான்றுக்கு முன்பே நம்பும் உரிமை மனிதருக்கு உண்டு என்று வாதிட்டார். ஜேம்ஸின் வாதம் வலிமையானது; ஆனால் அது தம் வாழ்வையே பணயம் வைப்பவருக்கும், சான்றைத் தேடிப் பெற வழியே இல்லாத இடத்துக்கும் பொருந்துவது. பற்றாசு இணைப்பைச் சோதிக்க வழி இருந்தது. பணயம் வைக்கப்பட்டவை பிறர் உயிர்கள். கப்பல் தளத்தைச் சேர்ந்தவர்களும் உடன் ஏறிச் சென்றார்கள் என்பது அவர்கள் நம்பிக்கையின் நேர்மைக்குச் சாட்சி. இணைப்புகளின் உறுதிக்கு அது சாட்சி ஆகவில்லை.

1963 டிசம்பரில் அமெரிக்கக் கடற்படை சப்சேஃப் என்னும் திட்டத்தைத் தொடங்கியது. வடிவமைப்பு, மூலப்பொருள், கட்டுமானம், சோதனை ஆகிய ஒவ்வொன்றிலும் அளவுகோல் நிறைவு செய்யப்பட்டது என்பதற்குப் புறநிலைத் தரச் சான்று வேண்டும் என்பது அதன் உயிர்நாடி. கண்டறிதல், அளத்தல், சோதித்தல் ஆகியவற்றின் மேல் எழுந்ததும், மற்றொருவர் மீண்டும் சரிபார்க்கத் தக்கதுமான கூற்று மட்டுமே அத்தகைய சான்றாகும். அனுபவம் மிக்கவரின் அபிப்பிராயம், நெடுநாள் நற்பெயர், இதுவரை எதுவும் நேரவில்லை என்னும் ஆறுதல் ஆகியவை அதில் சேரா. பணியைச் செய்தவர் எவ்வளவு சிறந்தவர் ஆயினும், பணி எவ்வளவு நன்றாகவே முடிந்திருந்தாலும், சான்று இல்லையேல் ஒப்புதல் இல்லை. 1915 முதல் 1963 வரை போர் அல்லாத காரணங்களால் 16 நீர்மூழ்கிகளை இழந்த அக்கடற்படை, இத்திட்டம் வந்தபின் இழந்தது 1968இல் 99 பேருடன் மூழ்கிய ஸ்கார்ப்பியன் ஒன்றையே. அக்கப்பல் சப்சேஃப் சான்று பெறாதது. கொலம்பியா விண்ணோடம் 2003இல் சிதைந்தபின் அமைந்த விசாரணை வாரியம், அமெரிக்க விண்வெளி அமைப்பு பயில வேண்டிய முன்மாதிரிகளுள் ஒன்றாக இதைச் சுட்டிக்காட்டியது.

ஆயினும் வாத்ஸ்யாயனரின் இரண்டாம் நிபந்தனை குலைந்த நிகழ்ச்சியும் இத்திட்டத்தின் எல்லைக்குள்ளேயே நடந்தது. வாஷிங்டன் மாநிலத்தின் டகோமா நகரில், நீர்மூழ்கிகளின் உடலுக்கு எஃகு வார்ப்புகள் செய்து கொடுத்த ஒரு வார்ப்பகத்தில், உலோகவியலாளர் ஒருவர் 1985 முதல் 2017 வரை வலிமைச் சோதனை, முறிவெதிர்ப்புச் சோதனை ஆகியவற்றின் முடிவுகளைத் திருத்தி எழுதி வந்தது வெளிப்பட்டது. குறைந்தது 240 உருக்குகளின் பதிவுகள் பொய்யானவை. கடற்படைக்காக அங்கே வார்க்கப்பட்டவற்றில் ஏறத்தாழ பாதி அது. பாரன்ஹீட் அளவில் சுழியத்துக்கு 100 பாகை கீழே எஃகைச் சோதிக்கச் சொல்வது பொருளற்ற கட்டளை என்று தாம் கருதியதும் அதற்கு ஒரு காரணம் என்று அவர் கூறினார். அவர் அறியாதவர் அல்லர். அந்த எஃகை அவரினும் நன்கு அறிந்தவர் சிலரே இருந்திருக்கக்கூடும். அளவுகோல் மிகையானது என்று அவர் வெளிப்படையாக வாதிட்டிருக்கலாம், அவ்வாதத்தில் வென்றுமிருக்கலாம். ஆனால் எண்ணை மாற்றி எழுதியபோது, முடிவெடுக்க வேண்டிய பலரின் அறிவை அவர்கள் அறியாமலே பறித்துக்கொண்டு, அனைவர்க்கும் சேர்த்துத் தாமே முடிவெடுத்தார். அந்த எஃகால் எந்தக் கப்பலும் உடைந்ததாகத் தெரியவில்லை என்பது நல்வாய்ப்பு. கிளிஃபர்டின் கப்பல் மூழ்காமல் கரை சேர்ந்திருந்தால் அதன் உடைமையாளருக்குக் கிடைத்திருக்கக்கூடிய நல்வாய்ப்பைப் போன்றது அது.

இத்தகைய நிகழ்ச்சிகளைக் கண்டு, மனிதரை நம்பாத ஓர் அமைப்பை எழுப்புவதே தர உறுதி என்று முடிவு கட்டுவோர் உண்டு. அப்படிப்பட்ட அமைப்பு தொழில் தெரிந்தவரின் மானத்தைக் குலைக்கிறது என்னும் வருத்தம் தொழிற்கூடங்களில் உண்மையாகவே இருக்கிறது. திருக்குறளின் தெரிந்துதெளிதல் அதிகாரமும் முதல் நோக்கில் அவ்வருத்தத்துக்குத் துணை நிற்பது போலத் தோன்றும். ஆராயாது ஒருவரைத் தெளிவதை மட்டுமன்றி, ஆராய்ந்து தெளிந்த பின் அவரை ஐயுறுவதையும் அது தீராத் துன்பத்துக்குக் காரணமாகச் சொல்கிறது. பல்லாண்டு பழுதின்றிப் பணியாற்றிய ஒருவர் செய்த இணைப்பை வேறொருவரைக் கொண்டு சோதிப்பது அந்த ஐயுறவுதானே என்று கேட்கலாம். அதற்கு விடை, தெளியப்படும் பொருள் எது என்பதில் இருக்கிறது. அவ்வதிகாரம் ஆளைத் தெளிவதைப் பற்றியது. ஒருவரின் குணமும் செயலும் ஆராயப்பட்டு அவர் ஏற்கப்பட்டபின் அத்தெளிவு நிலைக்க வேண்டும் என்பது சரியே. இணைப்போ ஒவ்வொன்றும் புதிது. அது செய்யப்பட்ட நாளின் வெப்பமும், பற்றாசின் கலவையும், கை எட்டாத இடுக்கும் அந்த ஓர் இணைப்புக்கே உரியவை. முந்தைய ஆயிரம் இணைப்புகளின் நற்பெயர் அதனுள் பாய்வதில்லை. ஆளை நம்பிக்கொண்டே அவர் வேலையைச் சோதிக்கலாம். சோதனைக்குத் தம் வேலையை மனமுவந்து ஒப்படைப்பவரிடமே ஆப்தரின் இரண்டாம் இலக்கணம் நிறைவாக விளங்குகிறது என்றும் சொல்லலாம்.

அறிவு தன்னளவிலேயே செல்லுபடியாகுமா, வேறொன்றால் உறுதிப்பட வேண்டுமா என்பதில் மீமாஞ்சையாளரும் நியாய நெறியினரும் நெடுங்காலம் மோதினர். தோன்றிய அறிவு மறுக்கப்படும் வரை செல்லும் என்பது முன்னவர் நிலை. அது வேறு சான்றால் உறுதிப்பட்டாக வேண்டும் என்பது பின்னவர் நிலை. அந்த வேறு சான்றுக்கு மற்றொரு சான்று, அதற்கு இன்னொன்று என்று முடிவின்றி நீளாதா என்று கேட்டபோது, அறிவை நம்பிச் செய்த செயல் பயன் தருமாயின் அறிவு உறுதிப்பட்டது என்று நியாய நெறியினர் விடை பகர்ந்தனர். கானல் அன்று நீரே என்பது குடித்துத் தாகம் தீர்ந்தால் தெரியும். அன்றாட வாழ்வுக்குப் போதுமான இவ்விடை பெரும் பொறியியலில் மிகவும் ஆபத்தானது. சேலஞ்சர் விண்ணோடத்தின் கடைசிப் பயணத்துக்கு முன் விண்ணோடங்களின் 24 பயணங்கள் வெற்றியாக முடிந்திருந்தன. அவற்றுள் சிலவற்றில் திட எரிபொருள் உந்துகலங்களின் இணைப்பில் உள்ள ரப்பர் வளையங்கள் வெப்ப வாயுவால் அரிக்கப்பட்டிருந்தன. அவ்வாறு அரிக்கப்பட்டும் கலம் திரும்பி வந்ததே அரிப்பைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளப்பட்டது. ஒவ்வொரு வெற்றியும் விலகலை இயல்பாக்கியது என்பதைச் சமூகவியலாளர் டயேன் வாகன் பின்னர் விரிவாக ஆராய்ந்து காட்டினார். 1986 ஜனவரி 27 இரவு, கடுங்குளிரில் வளையம் இறுகிப்போகும் என்று எச்சரித்த பொறியாளர்கள், ஏவுவது பாதுகாப்பற்றது என்பதை மெய்ப்பிக்க வேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்டனர். பாதுகாப்பானது என்று மெய்ப்பிக்க வேண்டிய சுமை மறுபக்கத்தில் இருக்க வேண்டியது. மறுநாள் கலம் 73 நொடிகளில் சிதைந்து ஏழு பேர் இறந்தனர். பேரழிவுக்கான வாய்ப்பைப் பணியாற்றும் பொறியாளர்கள் நூற்றுக்கு ஒன்று என்ற அளவிலும் மேலாளர்கள் நூறாயிரத்துக்கு ஒன்று என்ற அளவிலும் மதிப்பிட்டிருந்தனர் என்பதை விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்டு ஃபைன்மேன் பதிவு செய்தார். அங்கே அறிந்தவர் இருந்தனர், அறிந்தவாறே சொல்லவும் செய்தனர். ஆப்தரின் சொல் கேட்கப்படும் இடம்தான் இருக்கவில்லை.

சான்றுகளின் முடிவற்ற தொடரை நிறுத்த வேறு வழி தேவைப்படுகிறது. சப்சேஃப் கண்ட வழி, அதிகாரத்தைப் பிரிப்பது. காலத்துக்கும் செலவுக்கும் பொறுப்பானவர், தொழில்நுட்ப அளவுகோலுக்குப் பொறுப்பானவர், பாதுகாப்பையும் தரத்தையும் தணிக்கை செய்பவர் ஆகிய மூவரும் ஒருவருக்கு ஒருவர் கீழ்ப்படாதவர்கள். மூவரும் இசைந்தால் மட்டுமே கப்பல் புறப்படும். அளவுகோலைத் தளர்த்த வேண்டுமானால் நாட்காட்டியை ஏந்தி நிற்பவரால் அது முடியாது. இது முழுமையான உறுதி ஆகாது. மூவரும் ஒருசேரத் தவறலாம். ஆனால் நாட்காட்டியின் அவசரம், தொழில்நுட்பரின் செருக்கு, தணிக்கையாளரின் சோர்வு ஆகியவை வெவ்வேறு இடங்களில் பிறப்பதால், ஒருவர் குறை மற்றவர் கண்ணில் படும் வாய்ப்பு பெருகுகிறது. பணியை நிறுத்தும் அதிகாரம் காகிதத்தில் மட்டும் இருந்து, அதைப் பயன்படுத்தியவர் பதவி உயர்வை இழப்பாராயின் இப்பிரிவு பொய்யாகிவிடும். திட்டத்தை மதிப்பிட வருபவர் முதலில் பார்க்க வேண்டியது, அந்த அதிகாரம் கடைசியாக எப்போது பயன்படுத்தப்பட்டது, பயன்படுத்தியவர் இப்போது எந்த நிலையில் இருக்கிறார் என்பதையே.

சப்சேஃப் தன் எல்லையையும் குறுக்கிக்கொண்டது. நீர் உள்ளே புகாதபடி கப்பலின் உடல் உறுதியாக இருத்தல், புகுந்துவிட்டால் மீண்டெழ வேண்டிய கருவிகள் இயங்குதல் ஆகிய இரண்டைப் பற்றி மட்டுமே அது உறுதி கூறுகிறது. தீவிபத்தைப் பற்றியோ படைக்கலன்களைப் பற்றியோ அது வாய் திறப்பதில்லை. கூறும் உறுதியும் நியாயமாக எட்டக்கூடிய உச்ச அளவு என்ற வரம்போடுதான் கூறப்படுகிறது. எல்லாவற்றுக்கும் உறுதி கூறும் திட்டம் எதற்கும் பொறுப்பேற்காததாகவே முடியும் என்பதால், இந்தச் சுருக்கம் அதன் நேர்மையின் பகுதி. அந்த எல்லைக்குள் விலக்கு கிடையாது. சான்றாவணம் தொலைந்துபோன ஒரு வால்வு, புதிதாகவும் பழுதின்றியும் தோன்றினாலும், அதன் தகுதி மீண்டும் மெய்ப்பிக்கப்படும் வரை கப்பலில் இடம்பெற இயலாது. நல்லதாகவே இருக்கக்கூடிய பொருளைக் கழற்றுவது வீண்செலவு என்று சொல்லப்படுவதுண்டு, செலவு உண்மையே. ஆனால் சான்று இல்லாத வால்வுக்கு எதிரே தகுதியானது என்று எழுதுவதும், நடந்த சோதனையின் எண்ணை மாற்றி டகோமாவில் எழுதியதும் ஒரே வகைச் செயல்கள். முன்னதில் பொருள் மெய்யாகவே நன்றாக இருந்துவிடும் வாய்ப்பு சற்று மிகுதி என்பது மட்டுமே வேறுபாடு. அந்த வேறுபாட்டை அறிந்துகொள்ள, கப்பலில் இருப்பவருக்கு அந்தக் கையொப்பத்தைத் தவிர வேறு வழி இல்லை.